ஓதமும் நங்கூரமும்

(மொழிப்பயிற்சி – உரைநடை)

நுழையும்முன்

தனித்தனியே பொருள் தெரிந்த இரண்டு சொற்கள் ஒன்றாகச் சேரும்போது, நாம் எதிர்பாராத மூன்றாவது பொருளைத் தருவது உண்டு. 'கை' என்பது நாம் அறிந்த சொல். 'விடு' என்பதும் அறிந்த சொல். ஆயினும், 'நண்பனைக் கைவிட்டான்' என்று படிக்கும்போது நாம் கையை நினைப்பதில்லை. ஆங்கிலத்திலும் இத்தகைய வினைகள் மிகுதியாக உள்ளன. அவற்றுள், துன்பக் காலத்தைக் கடப்பதைக் குறிக்கும் வினை ஒன்றின் பிறப்பையும் பொருளையும், அதனைத் தமிழில் பெயர்க்கும் முறையையும் இப்பாடத்தின்வழி அறிவோம்.

1. ஒரு மடலும் ஒரு பிழையும்

அம்மாணவி ஒன்பதாம் வகுப்பில் பயில்பவள். அவளுடைய தந்தை நடுவண் அரசுப் பணியில் இருப்பவர். பணிமாற்றம் காரணமாகப் பல ஊர்களில் வாழ்ந்த அக்குடும்பம் இப்போது கொல்கத்தாவில் வாழ்கிறது. தந்தையின் தாயாகிய பாட்டியும் அவர்களுடன் இருக்கிறார். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். மும்பையில் வாழும் சித்தப்பாவோ வடமாநிலப் பள்ளிகளில் படித்து வளர்ந்தவர்; தமிழ் பேசுவாரே அன்றி எழுதப் பயின்றவர் அல்லர்.

ஒருநாள் மாலை சித்தப்பாவிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மடல் வந்தது. அவர் பணியாற்றிய நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. அச்செய்தியைத் தாயிடம் வாயால் சொல்லத் துணியாமல், அவர் எழுத்தால் தெரிவித்திருந்தார். தந்தை அலுவல் காரணமாக வெளியூர் சென்றிருந்தார். எனவே, மடலைப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு மாணவியின்மேல் விழுந்தது.

மடலின் இறுதியில், "த சேவிங்ஸ் வில் டைடு அஸ் ஓவர் டில் ஜூன்" என்று ஒரு வரி இருந்தது. 'சேவிங்ஸ்' என்றால் சேமிப்பு. 'டைடு' என்பது கடலில் எழும் நீரேற்றம் என்று புவியியல் பாடத்தில் படித்திருக்கிறாள். 'ஓவர்' என்றால் முடிந்தது என்பது விளையாட்டிலேயே பழகிய சொல். மூன்றையும் சேர்த்து அவள் பொருள் சொன்னாள்:

"சேமிப்பெல்லாம் அலை அடித்துக்கொண்டு போனதுபோல் ஜூனுக்குள் முடிந்துவிடுமாம், பாட்டி."

பாட்டி மறுமொழி ஏதும் கூறவில்லை. இரவு உணவுக்குப் பின், தம் கையில் இருந்த இரண்டு பொன் வளையல்களையும் கழற்றி ஒரு துணியில் முடிந்து வைத்தார். "உன் அப்பா வந்ததும் இதைக் கொடுத்து, உடனே விற்றுத் தம்பிக்குப் பணம் அனுப்பச் சொல்ல வேண்டும், கண்ணு" என்றார்.

மறுநாள் தமிழ் வகுப்பில் அவள் வாடிய முகத்துடன் இருப்பதைக் கண்ட ஆசிரியை காரணம் வினவினார். அவள் நடந்ததைக் கூறி, அவ்வரியையும் எழுதிக் காட்டினாள். ஆசிரியை அதனைப் படித்துவிட்டு, "உன் சித்தப்பா எழுதியது வேறு, நீ சொன்னது வேறு. அவர் ஆறுதல் சொல்லியிருக்கிறார். அது அச்சமாகப் பாட்டியிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்று இந்த ஒரு வினையையே பாடமாகப் படிப்போம்" என்றார்.

2. சொல் பிறந்த இடம்

'டைடு ஓவர்' என்னும் வினை கடலில் பிறந்தது. அதன் பொருளை உணர வேண்டுமானால் பாய்மரக் கப்பல்களின் காலத்திற்குச் செல்ல வேண்டும்.

நிலவும் கதிரவனும் ஈர்ப்பதனால் கடல்நீர் ஏறுவதும் இறங்குவதும் ஓதம் எனப்படும். நீர் ஏறி நிற்பது உயர் ஓதம். இறங்கி நிற்பது தாழ் ஓதம். பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் உயர் ஓதத்திற்கும் அடுத்த உயர் ஓதத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. கழிமுகங்களில் ஓதம் ஏறும்போது நீர் நிலத்தை நோக்கியும், இறங்கும்போது கடலை நோக்கியும் விரைந்து ஓடும்.

காற்று வீசினால் பாய்மரக் கப்பல் ஓடும். காற்று இல்லாதபோது என் செய்வது? ஓதத்தின் ஓட்டம் தாம் செல்ல வேண்டிய திசையில் இருந்தால், மாலுமிகள் அதன்போக்கில் கப்பலை மிதக்க விடுவர். ஆறு மணி நேரம் கழித்து ஓட்டம் எதிர்த்திசைக்குத் திரும்பும். அப்போது கப்பலை அப்படியே விட்டால், கடந்த தொலைவு முழுவதையும் இழக்க நேரும். ஆகவே, நங்கூரம் பாய்ச்சி நிற்பர். ஓதம் மீண்டும் தமக்கு இசைவாகத் திரும்பியதும் நங்கூரத்தைத் தூக்குவர். இவ்வாறு சிறிது மிதந்தும் சிறிது நின்றும் துறைமுகத்தை அடைவதற்கே 'டைடு ஓவர்' என்று பெயர். 'ஓவர்' என்பதற்கு இங்கே 'முடிந்தது' என்பது பொருள் அன்று. 'கடந்து அப்பால்' என்பதே பொருள்.

இவ்வினைக்கு இப்பொருளை எழுதி வைத்தவர்களுள் ஒருவர் ஆங்கிலேயக் கடலோடி ஜான் ஸ்மித். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1607இல் அமைந்த ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தில் முதன்மைப் பங்காற்றியவர் இவர். கப்பல் தொழிலுக்குரிய சொற்களையும் செய்திகளையும் தொகுத்து இவர் எழுதிய நூல் 1627இல் இலண்டனில் வெளியாயிற்று. 'கடல் இலக்கணம்' என்று பொருள்படும் பெயருடைய அந்நூலில், ஓதத்தோடு செல்லுதல், எதிர் ஓதத்தில் நங்கூரமிட்டுக் காத்தல் ஆகிய இரண்டும் சேர்ந்ததே இவ்வினை என்று விளக்கியுள்ளார்.

கொல்கத்தாவில் வாழும் மாணவர்களுக்கு இது விளங்குவது எளிது. நகரை ஒட்டி ஓடும் ஹூக்ளி ஆற்றில் ஓதம் ஏறி இறங்குகிறது. ஏறுநீரை வங்க மக்கள் 'ஜோவார்' என்றும் இறங்குநீரை 'பாட்டா' என்றும் அழைப்பர். ஏறுநீரின்போது ஆறு பின்னோக்கி ஓடுவதைப் படித்துறையில் நின்றே காணலாம். கடல் முகப்பிலிருந்து கொல்கத்தாத் துறைமுகத்தை அடையக் கப்பல்கள் 200 கிலோமீட்டருக்கும் மேல் உள்வந்தாக வேண்டும். வழியெங்கும் மணல்திட்டுகள் உள்ளன. ஆதலின் பெரிய கப்பல்கள் இன்றும் ஓத நேரத்தைக் கணக்கிட்டே வருகின்றன. பாய்மரக் காலத்தில் டயமண்ட் ஹார்பர் போன்ற இடங்களில் நங்கூரமிட்டு, அடுத்த ஏறுநீருக்குக் காத்திருந்த கப்பல்கள் பல.

நின்ற கப்பல் தோற்ற கப்பல் அன்று. வந்த தொலைவை இழக்காமல் காத்து நிற்கிறது என்பதே உண்மை. இக்கருத்தே பிற்காலத்தில் வாழ்க்கைக்குப் பொருத்தப்பட்டது. அடுத்த வருவாய் வரும்வரை, அடுத்த அறுவடை வரும்வரை, அடுத்த வேலை கிடைக்கும்வரை ஒருவரைத் தாங்கி நிறுத்தும் உதவியைச் சொல்ல 'டைடு ஓவர்' என்னும் வினை வழங்கலாயிற்று.

தெரிந்து கொள்வோம்
'டைடு' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'காலம்' என்பதே பொருள். குறித்த காலத்தில் ஏறி இறங்குவதனால் பின்னர் அது கடல் ஓதத்திற்குப் பெயராயிற்று. தமிழில் வருவாய் குன்றிய நாளில் ஒருவர் வாழ்வதைக் 'காலந்தள்ளுகிறார்' என்கிறோம். இரு மொழியினரும் இக்கருத்தைச் சொல்லக் காலத்தையே துணைக்கு அழைத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

3. வினையின் அமைப்பு

ஆங்கிலத்தில் ஒரு வினையும் அதனை அடுத்து வரும் சிறுசொல்லும் சேர்ந்து புதுப்பொருள் தருவதைச் சொற்றொடர்வினை எனலாம். தமிழில் இதற்கு நெருக்கமானது கூட்டுவினை. கூட்டுவினை மூன்று வகையாக அமையும்.

பெயரும் வினையும் சேர்வது: கைகொடு, ஈடுகொடு, காலந்தள்ளு
வினையும் வினையும் சேர்வது: கண்டுபிடி, சொல்லிக்கொடு
இடைச்சொல்லும் வினையும் சேர்வது: முன்னேறு, பின்பற்று

இரு மொழிகளுக்கும் இடையே ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்க. தமிழில் துணையாக வரும் சொல் முன்னே நிற்கும். வினை இறுதியில் வரும். ஆங்கிலத்திலோ வினை முன்னே வரும். சிறுசொல் பின்னே வரும். சில வேளைகளில் இரண்டிற்கும் நடுவே வேறு சொல்லும் புகும். நாம் கற்கும் வினையும் அத்தகையதே.

'டைடு அஸ் ஓவர்' என்பதில் 'நம்மை' என்னும் பொருளுடைய 'அஸ்' நடுவில் நிற்கிறது. இதனை 'டைடு ஓவர் அஸ்' என்று எழுதுதல் பிழை. இவ்வினையைப் பயன்படுத்தும்போது மூன்று வினாக்களை எழுப்பிப் பார்க்க வேண்டும்.

எது தாங்குகிறது? – சேமிப்பு (எழுவாய்)
யாரைத் தாங்குகிறது? – நம்மை (செயப்படுபொருள்)
எதுவரை தாங்குகிறது? – ஜூன் வரை (கால எல்லை)

மூன்றாம் வினா மிகவும் இன்றியமையாதது. இவ்வினை துன்பம் தீர்ந்துவிட்டது என்று சொல்வதில்லை. குறித்த காலம்வரை தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது. கால எல்லை வெளிப்படையாக இல்லாத இடத்திலும் அது மறைந்து நிற்கும்.

இந்தியாவில் வெளியாகும் ஆங்கில நாளிதழ்களில், நெருக்கடியையே செயப்படுபொருளாக்கி 'டைடு ஓவர் த கிரைசிஸ்' என்று எழுதும் வழக்கம் மிகுதி. அங்கே 'நெருக்கடியைக் கடத்தல், சமாளித்தல்' என்று பொருள் கொள்ள வேண்டும். முதல் அமைப்பில் மனிதரை உதவி தாங்குகிறது. இரண்டாம் அமைப்பில் துன்பத்தை மனிதர் கடக்கிறார். செயப்படுபொருள் மனிதரா, துன்பமா என்று பார்த்தால் குழப்பம் நீங்கும்.

எழுத்திலும் கவனம் வேண்டும். கட்டப்பட்டது என்னும் பொருளுடைய மற்றோர் ஆங்கிலச் சொல்லும் 'டைடு' என்றே ஒலிக்கும். ஒலி ஒன்றாயினும் எழுத்து வேறு. ஓதத்தைக் குறிக்கும் சொல்லை எழுதுவதே சரி. இறந்த காலத்தில் இவ்வினை 'டைடட் ஓவர்' என்று வரும்.

4. உறவுச் சொற்கள்

துன்பத்தைத் தாங்குதல் தொடர்பாக ஆங்கிலத்தில் வேறு பல சொற்றொடர்வினைகளும் உள்ளன. அவை ஒன்றுபோல் தோன்றினும் பொருளால் வேறுபட்டவை.

கோ த்ரூ: துன்பத்திற்கு உள்ளாதல், படுதல். முடிவு நன்மையா, தீமையா என்பதை இது சொல்லாது.
கெட் த்ரூ: துன்பக் காலத்தை முழுவதும் கடந்து முடித்தல். தேர்வு, கோடைக்காலம், துயர நாள் எனக் கடக்க வேண்டிய எதற்கும் பொருந்தும்.
புல் த்ரூ: உயிருக்கு இடர் தரும் நோயிலிருந்தோ பெரும் இக்கட்டிலிருந்தோ மீண்டெழுதல்.
பேர் அப்: துன்பத்தின் நடுவே மனந்தளராது இருத்தல். இது வெளிநிலையை அன்றி உள்ளத்தின் உறுதியைக் குறிக்கும்.
ரைடு அவுட்: கேடு தானே தணியும்வரை நிலைகுலையாமல் தாங்கி நிற்றல். இதுவும் புயலில் நங்கூரத்தைப் பற்றி நின்ற கப்பலோடு தொடர்புடைய சொல்.
டைடு ஓவர்: நிலைமை மாறும்வரை பொருளோ உதவியோ ஒருவரைத் தாங்குதல்.

ஒரே குடும்பத்தில் இவை அனைத்தும் நிகழலாம். பணியிழந்தவர் துன்பத்திற்கு உள்ளாகிறார், மனந்தளராது இருக்கிறார், சேமிப்பு அவரைத் தாங்குகிறது, இறுதியில் அவர் அக்காலத்தைக் கடந்து முடிக்கிறார். எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பது துன்பத்தின் எந்தப் பகுதியைச் சொல்ல விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது.

5. நாடு கண்ட ஓர் எடுத்துக்காட்டு

ஒரு வீட்டிற்கு நேர்வது ஒரு நாட்டிற்கும் நேரலாம். 1990இல் வளைகுடாப் பகுதியில் எழுந்த நெருக்கடியால் கச்சா எண்ணெய் விலை உயர்ந்தது. ஏற்கெனவே கடன்சுமை மிகுந்திருந்த இந்தியாவின் அயல்நாட்டுச் செலாவணிக் கையிருப்பு விரைந்து குறைந்தது. 1991ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதும் என்னும் நிலை உண்டாயிற்று. அயல்நாட்டுக் கடனுக்குரிய தவணையைச் செலுத்த முடியாமற் போனால் உலக அரங்கில் நாட்டின் நம்பகத்தன்மையே சிதையும்.

அந்நிலையில், 1991 ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் பொன்னை அயல்நாட்டுக்கு அனுப்பி, இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடாக வைத்தது. அதன்மூலம் சுமார் 40 கோடி அமெரிக்க டாலர் கடனாகக் கிடைத்தது. பின்னர் அக்கடன் திருப்பிச் செலுத்தப்பட்டது.

அந்தப் பொன் நாட்டின் பொருளாதாரச் சிக்கலைத் தீர்த்துவிடவில்லை. அது தந்தது கால இடைவெளி மட்டுமே. அவ்விடைவெளியில்தான் பன்னாட்டு நிதியுதவி நாடப்பட்டது. பொருளாதாரச் சீர்திருத்தங்கள் தொடங்கப்பட்டன. 'ஈடுவைத்த பொன் நாட்டைத் தாங்கியது' என்று இதனைச் சொன்னால் அதுவே 'டைடு ஓவர்' என்னும் வினையின் சரியான பொருள். 'பொன் நாட்டைக் காப்பாற்றிவிட்டது' என்றால் பொருள் மிகும். 'பொன் போய்விட்டது' என்று மட்டும் சொன்னால் பொருள் குறையும். மொழிபெயர்ப்பாளர் மிகுத்தலும் குறைத்தலும் இன்றி நிற்க வேண்டிய இடம் இது.

6. தமிழில் சொல்லும் முறை

தமிழரும் துன்பத்தை நீரோடு பொருத்திப் பேசுபவரே. கடனில் மூழ்குதல், துயரில் தத்தளித்தல், வறுமையிலிருந்து கரையேறுதல் ஆகியன நாம் நாள்தோறும் கேட்பவை. ஆயினும், 'கரையேறினான்' என்பது துன்பம் முடிந்ததைச் சொல்கிறது. நாம் கற்கும் வினையோ இன்னும் கரையேறாதவரின் நிலையைச் சொல்கிறது. ஆகவே, நீரைக் குறிக்கும் சொல் கிடைத்துவிட்டது என்று அதனை இங்கே பயன்படுத்தலாகாது. 'ஓதம்', 'அலை' ஆகிய சொற்களைக் கொண்டு நேர்க்குநேர் பெயர்ப்பதும் கூடாது. பொருளுக்குரிய தமிழ் வழக்கையே தேட வேண்டும்.

அவ்வரியை மாணவர்கள் பலவாறு பெயர்த்தனர்.

"ஜூன் வரை சேமிப்பு நமக்குக் கைகொடுக்கும்."
"சேமிப்பைக் கொண்டு ஜூன் வரை தாக்குப்பிடிப்போம்."
"இருக்கும் சேமிப்பில் ஜூன் வரை காலந்தள்ளலாம்."

மூன்றும் சரியே எனினும், மூன்றும் ஒன்றல்ல. முதல் தொடர் ஆங்கிலத்தைப் போலவே சேமிப்பை எழுவாயாகக் கொண்டது. ஆங்கிலத்தில் 'நம்மை' என இருந்தது தமிழில் 'நமக்கு' என நான்காம் வேற்றுமை ஏற்றது. இரண்டாம் தொடரில் நாமே எழுவாய். 'நாம்' என்னும் சொல் வெளிப்படையாக இல்லாவிடினும் 'தாக்குப்பிடிப்போம்' என்னும் வினைமுற்று அதனை உணர்த்துகிறது. இத்தொடரில் போராட்டத்தின் கடுமை மிகுந்து ஒலிக்கிறது. மூன்றாம் தொடரில் சோர்வு சற்றே தெரிகிறது.

"இவற்றுள் பாட்டியிடம் எதைச் சொல்வாய்?" என்று ஆசிரியை வினவினார்.

மாணவி சிறிது நேரம் எண்ணினாள். "முதல் தொடரைத்தான், அம்மா. சித்தப்பா பாட்டியைக் கவலைப்பட வேண்டாம் என்று தேற்றத்தானே எழுதியிருக்கிறார்? 'கைகொடுக்கும்' என்பதில்தான் அந்த ஆறுதல் இருக்கிறது" என்றாள்.

"சொல்லின் பொருளோடு சொன்னவரின் உள்ளத்தையும் பெயர்த்திருக்கிறாய்" என்று ஆசிரியை பாராட்டினார்.

அன்று மாலை அவள் பாட்டியின் அருகில் அமர்ந்து, தான் முன்னர்ச் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டாள். பின்னர் மடலை மீண்டும் படித்து, கப்பலையும் நங்கூரத்தையும் எடுத்துரைத்து, "ஜூன் வரை சேமிப்பு நமக்குக் கைகொடுக்கும் என்றுதான் சித்தப்பா எழுதியிருக்கிறார், பாட்டி" என்றாள்.

பாட்டி நெடுமூச்செறிந்தார். "அப்படியானால் பிள்ளை மூழ்கவில்லை, நின்று மூச்சு வாங்குகிறான்" என்றார். பிறகு, "ஜூனுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால்?" என்று கேட்டார்.

மாணவிக்கு வியப்பாக இருந்தது. இவ்வினையில் மறைந்திருக்கும் கால எல்லையை வகுப்பில் படிக்காமலே பாட்டி கண்டுகொண்டுவிட்டார். அவ்வினாவிற்கு அவளிடம் விடை இல்லை.

பாட்டி துணிமுடிப்பை அவிழ்த்தார். ஒரு வளையலை எடுத்துக் கையில் அணிந்துகொண்டார். மற்றொன்றை அத்துணியிலேயே முடிந்து பெட்டியில் வைத்தார்.

"இது ஜூலைக்கு" என்றார்.

சொல்லும் பொருளும்

ஓதம் – கடல்நீர் ஏறி இறங்குதல்
நங்கூரம் பாய்ச்சுதல் – கப்பலை ஓரிடத்தில் நிறுத்த நங்கூரத்தை நீரில் இறக்குதல்
கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
மணல்திட்டு – நீருக்கடியிலோ நீருக்கு மேலோ அமைந்த மணல்மேடு
செலாவணி – நாணயப் பரிமாற்றம்
ஈடு – கடனுக்குப் பொறுப்பாக வைக்கும் பொருள்
தாக்குப்பிடித்தல் – தளராமல் எதிர்த்து நிற்றல்
நெடுமூச்செறிதல் – பெருமூச்சு விடுதல்

இலக்கணக் குறிப்பு

உயர் ஓதம், தாழ் ஓதம் – வினைத்தொகைகள்
ஈடுவைத்த பொன், கழற்றிய வளையல் – பெயரெச்சத் தொடர்கள்
தளராமல், இழக்காமல் – எதிர்மறை வினையெச்சங்கள்
சேமிப்பைக் கொண்டு – 'கொண்டு' என்பது மூன்றாம் வேற்றுமைச் சொல்லுருபு

மதிப்பீடு

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. 'டைடு ஓவர்' என்னும் வினை முதலில் எத்துறையில் வழங்கியது?
அ) வேளாண்மை ஆ) கப்பல் தொழில் இ) வணிகம் ஈ) மருத்துவம்

2. ஓட்டம் எதிர்த்திசைக்குத் திரும்பியபோது மாலுமிகள் செய்தது
அ) பாயை விரித்தனர் ஆ) கரைக்குத் திரும்பினர் இ) நங்கூரம் பாய்ச்சினர் ஈ) துடுப்பு வலித்தனர்

3. கொடிய நோயிலிருந்து மீண்டெழுதலைக் குறிக்கும் சொற்றொடர்வினை
அ) கோ த்ரூ ஆ) பேர் அப் இ) புல் த்ரூ ஈ) டைடு ஓவர்

4. 'பின்பற்று' என்பது
அ) பெயரும் வினையும் சேர்ந்தது ஆ) வினையும் வினையும் சேர்ந்தது இ) இடைச்சொல்லும் வினையும் சேர்ந்தது ஈ) பெயரும் பெயரும் சேர்ந்தது

ஆ) பொருத்துக.

1. கோ த்ரூ – மனந்தளராது இருத்தல்
2. பேர் அப் – கேடு தணியும்வரை தாங்கி நிற்றல்
3. ரைடு அவுட் – துன்பக் காலத்தைக் கடந்து முடித்தல்
4. கெட் த்ரூ – துன்பத்திற்கு உள்ளாதல்

இ) பொருத்தமான கூட்டுவினையை உரிய வடிவில் எழுதி நிரப்புக.
(கைகொடு, ஈடுகொடு, காலந்தள்ளு, முன்னேறு)

1. மழை பொய்த்த ஆண்டில் சேமித்து வைத்த நெல்லே உழவர்க்குக் ____________.
2. வலிமை மிக்க எதிரணிக்கு நம் அணியினர் இறுதிவரை ____________.
3. ஓய்வூதியத்தை மட்டும் நம்பி அம்முதியவர் ____________.
4. தோல்வியைக் கண்டு துவளாதவரே வாழ்வில் ____________.

ஈ) குறுவினா

1. 'டைடு' என்னும் சொல்லின் பழம்பொருள் யாது?
2. ஹூக்ளி ஆற்றின் ஏறுநீரையும் இறங்குநீரையும் வங்க மக்கள் எவ்வாறு அழைக்கின்றனர்?
3. 'டைடு ஓவர்' என்னும் வினையைக் கண்டால் எழுப்ப வேண்டிய மூன்று வினாக்கள் யாவை?

உ) சிறுவினா

1. ஆங்கிலச் சொற்றொடர்வினைக்கும் தமிழ்க் கூட்டுவினைக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை எழுதுக.
2. 'கரையேறு' என்னும் சொல் 'டைடு ஓவர்' என்பதற்கு ஏன் பொருந்தாது? விளக்குக.
3. 1991இல் ஈடுவைக்கப்பட்ட பொன் நாட்டிற்கு எவ்வகையில் உதவியது?

ஊ) நெடுவினா

1. ஒரு சொல்லைப் பிழையாகப் பெயர்த்ததால் விளைந்த துன்பத்தையும், அது நீங்கிய வகையையும் பாடப்பகுதி கொண்டு விவரிக்க.
2. "நின்ற கப்பல் தோற்ற கப்பல் அன்று" – இத்தொடரின் கருத்தை உம் வாழ்விலோ நீவிர் அறிந்தவர் வாழ்விலோ நிகழ்ந்த ஒன்றோடு பொருத்தி எழுதுக.

எ) மொழிபெயர்க்க.

பின்வரும் செய்திகளை ஆங்கிலத்தில் எழுதுக. 'டைடு ஓவர்' என்னும் வினையைப் பயன்படுத்துக. யாரை என்பதை நடுவில் அமைக்க மறவாதீர்.

1. சம்பளம் வரும்வரை இந்தப் பணம் எனக்குக் கைகொடுக்கும்.
2. வெள்ளம் வடியும்வரை அண்டை வீட்டார் தந்த அரிசி எங்களைத் தாங்கியது.
3. அடுத்த அறுவடை வரை இக்கடன் அவர்களுக்கு உதவும்.

ஏ) மொழியோடு விளையாடு

பாட்டி, "இது ஜூலைக்கு" என்றார். இத்தொடரில் சொல்லப்படாமல் விடப்பட்ட செய்திகளை மூன்று தொடர்களில் விரித்து எழுதுக.

கற்பவை கற்றபின்

1. நாளிதழ் ஒன்றில் நெருக்கடி, நிவாரணம் பற்றிய ஆங்கிலச் செய்தியைத் தேர்ந்தெடுத்து, அதில் வரும் சொற்றொடர்வினைகளைத் தொகுத்துத் தமிழ்ப்பொருள் எழுதுக.
2. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில், இக்கட்டான காலத்தைக் கடத்தலைக் குறிக்க வழங்கும் சொற்களை நண்பர்களிடம் கேட்டறிந்து, அவற்றுக்கு இணையான தமிழ்ச் சொற்களோடு அட்டவணைப்படுத்துக.
3. வீட்டில் உள்ள பெரியோரிடம், பணமுடை நேர்ந்த காலத்தில் தமக்கு எது கைகொடுத்தது என்று கேட்டு, அவர் சொன்னவாறே பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.